அந்த நாளின் வானம்தானா இது? நட்சத்திர வரைபடத்தை அச்சுக்கு முன் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

தாலி கட்டிய நேரம், குழந்தை பிறந்த நேரம் என ஏதோ ஒரு கணத்தில் தலைக்கு மேல் இருந்த வானத்தை வட்டமாக வரைந்து ஃப்ரேம் போட்டுத் தருகிறார்கள். சொந்தக்காரர்களுக்கு நானே சில படங்கள் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் வாங்கி வந்தவற்றை வரிசையாக ஒப்பிட்டும் பார்த்திருக்கிறேன். நட்சத்திரங்களின் இடம் தப்பாக இருந்து நான் பார்த்ததில்லை, அந்தப் பட்டியல்கள் இலவசமாகவும் துல்லியமாகவும் கிடைக்கின்றன. தப்பு நடப்பது நேரத்தில், நேர மண்டலத்தில், ஊரில். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். நேரம் உறுதியாகாமல் படத்தை ஒப்பிட உட்கார்ந்தால் எது தப்பு என்றே தெரியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிகழ்ச்சியின் தேதி, நேரம், ஊர். நேரத்துக்கு ஏதாவது ஓர் எழுத்துச் சான்று. எந்த நாளின் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் (இலவசம், கணினியில் நிறுவலாம், பிரவுசரிலும் திறக்கலாம்). ஓர் அடிக்கோல். கடைக்காரர் அனுப்பும் மாதிரிப் படம், அதாவது அச்சுக்குப் போகும் முன் வரும் ப்ரூஃப். ப்ரூஃப் தர மறுக்கும் இடத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள், ஏனென்றால் இந்த வேலை முழுவதும் அதை வைத்துத்தான் நடக்கிறது.

1. எவ்வளவு தப்பு கண்ணுக்குத் தெரியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 30 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 180 டிகிரி வானம் அடங்குகிறது என்றால் ஒரு டிகிரி ஏறத்தாழ 1.7 மி.மீ.

பிறந்த நேரத்தில் பத்து நிமிடம் பிசகினால் படத்தில் 4 மி.மீ. நகரும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் பிசகினால் 2.5 செ.மீ. ஐந்தரை மணி நேரம் பிசகினால் கிட்டத்தட்ட 14 செ.மீ.; வட்டத்தின் ஆரமே 15 செ.மீ.தான். அது வேறு வானம்.

புதியவர்கள் பலர் 9:10ஆ 9:14ஆ என்று அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் காலையா மாலையா, எந்த நாட்டுக் கடிகாரம் என்ற கேள்விகளை விட்டுவிடுவார்கள். உழைப்பை அங்கே செலவிடுங்கள்.

2. தேதியையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும், நேரம் பெரும்பாலும் இருக்காது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நேரம் இருக்கும். திருமணம் என்றால் தாலி கட்டிய புகைப்படக் கோப்பில் கேமரா பதிந்த நேரம் கிடைக்கும். ஆனால் அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்ததா என்று, நேரம் உறுதியாகத் தெரிந்த வேறொரு படத்தோடு பொருத்திப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பஞ்சாங்கப்படி நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. "பதினாலாம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தான்" என்று பாட்டி சொன்னால், ஆங்கிலத் தேதிப்படி அது 15ஆம் தேதி அதிகாலை 2 மணி. ஜாதகத்தில் "உதயாதி நாழிகை 52" என்று இருந்தால், ஒரு நாழிகை 24 நிமிடம் என்ற கணக்கில் 20 மணி 48 நிமிடம் வரும். அன்று உதயம் காலை 6 மணி என்றால் குழந்தை பிறந்தது மறுநாள் அதிகாலை 2:48. ஜாதகத்தின் மேலே எழுதியிருக்கும் தேதியை அப்படியே இணையப் படிவத்தில் நிரப்பினால் ஒரு நாள் பின்னால் போய்விடுவீர்கள்.

ஒரு நாள் தவறினால் நட்சத்திரங்கள் ஒரு டிகிரிதான் நகரும், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நிலா 13 டிகிரி நகர்ந்துவிடும், இரண்டு செ.மீ.க்கு மேல். இதனால்தான் பின்னால் நிலாவை இத்தனை வலியுறுத்துகிறேன்.

நேரத்தை எப்போதும் 24 மணி முறையில் எழுதுங்கள். நள்ளிரவு தாண்டிக் கால் மணி என்றால் 00:15. "12:15 ஏஎம்" என்பதை நண்பகல் என்று படித்தவர்கள் உண்டு. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். 03/04/1995 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கப் படிவத்துக்கு மார்ச் 4. முப்பது நாள் வித்தியாசம், படத்தில் ஏறக்குறைய 5 செ.மீ.

3. அந்தக் கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் ஓடியது?

நான் பார்த்த மோசமான தவறுகள் எல்லாம் இந்தப் படியில்தான் நடந்தன. என் அக்கா மகள் பிறந்தது மதுரையில், ஜனவரி மாதம், இரவு 9:10க்கு. அந்த நேரத்தில் வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் நன்றாக மேலே ஏறியிருக்க வேண்டும். வாங்கி வந்த படத்தில் அது மேற்கு ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. 9:10ஐ இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளாமல் கிரீன்விச் நேரம் என்று எடுத்திருக்கிறார்கள். வரைந்து கொடுத்தது அதிகாலை 2:40 வானம். ஃப்ரேம் சுவரில் ஏறி ஒரு வருடம் ஆன பிறகுதான் நான் பார்த்தேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று மிகவும் சங்கடப்பட்டேன்.

இந்தியாவுக்குள் இன்றைய நிகழ்ச்சி என்றால் கிரீன்விச்சை விட 5:30 முன்னால், அவ்வளவுதான். பழைய தேதிகளுக்கு இவற்றைப் பாருங்கள்:

தாத்தா பாட்டியின் நாள் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரைக்குள் இருந்தால், போர்க்காலத்துக்காக இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, 6:30 என்று வைக்கப்பட்டிருந்தன. மும்பையில் 1955 வரை பழைய பம்பாய் நேரமும் புழக்கத்தில் இருந்தது. அது இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்னால்.

இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை 6:30க்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 6:00 ஆக்கினார்கள். 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த ஆண்டுகளிலும் 5:30தான் ஓடியது. ஆகவே 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவர் என்றால் புதிய நேரமா பழைய நேரமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த மென்பொருளும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

சிங்கப்பூரிலும் மேற்கு மலேசியாவிலும் 1981 முடியும் வரை 7:30. 1982 ஜனவரி 1 முதல் 8:00. பிரிட்டன், கனடா, அமெரிக்கா என்றால் கோடைக்கால நேரம் உண்டு. அங்கே நேர மண்டலத்தை எண்ணாகக் கொடுக்காமல் ஊர்ப் பெயராகத் தேர்ந்தெடுங்கள். லண்டன் என்று தேர்ந்தால் ஜூலையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும் என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பூஜ்யம் என்று கையால் போட்டால் பார்த்துக்கொள்ளாது.

4. ஊரைக் கொடுங்கள், தெரு வரை போக வேண்டாம்

மருத்துவமனையின் வாசல் வரை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தேடி எடுப்பவர்கள் உண்டு. தேவையில்லை. சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தீர்க்கரேகையில் 2.7 டிகிரி வித்தியாசம், வானத்தில் 11 நிமிடத்துக்குச் சமம். இரண்டு ஊருக்கும் ஒரே இரவுக்கு வரைந்த படங்களை அருகருகே வைத்தால்கூட உற்றுப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ஹைதராபாத் என்று தட்டினால் பாகிஸ்தானின் சிந்து மாகாண ஹைதராபாத் வரலாம், சேலம் என்று தட்டினால் அமெரிக்காவின் சேலம் வரலாம். தேர்ந்தெடுத்த பிறகு வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படியுங்கள். தமிழ்நாடு என்றால் வடக்கு 8 முதல் 13.5 வரை, கிழக்கு 76 முதல் 80.5 வரை.

5. ஸ்டெல்லேரியத்தில் உங்கள் அசலை உருவாக்குங்கள்

கடையின் படத்தைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். படத்தைப் பார்த்துவிட்டால் கண் அதோடு ஒத்துப்போகத் தேடும்.

எஃப்6 அழுத்தி ஊரைக் கொடுங்கள். அடுத்து எஃப்5, தேதியும் நேரமும். திரையின் கீழே கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று காட்டும். அது மூன்றாம் படியில் நீங்கள் கண்டுபிடித்த எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் இருப்பிட ஜன்னலிலேயே நேர மண்டலத்தை மாற்றலாம்.

'ஏ' விசை வளிமண்டலத்தை மறைக்கும், அந்திக் கருக்கலிலும் நட்சத்திரங்கள் தெரியும். தரையை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தால் அடிவானத்துக்குக் கீழே உள்ளவையும் வந்து குழப்பும். தெற்கு நோக்கித் திரும்பி, பார்வையை உச்சிக்குத் தூக்கி, முழு வட்டமும் தெரியும் வரை ஜூம் அவுட் செய்யுங்கள். இப்போது வடக்கு மேலே, தெற்கு கீழே இருக்கும். திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு அருகில் எந்த நட்சத்திரம், நான்கு திசை ஓரங்களிலும் என்ன, நிலா எங்கே என்று ஆறே வரிகளில் எழுதியும் வையுங்கள்.

6. கடையின் மென்பொருளுக்கு ஒரு சோதனைத் தேதி கொடுங்கள்

பெரும்பாலான இணையதளங்கள் பணம் கட்டும் முன்பே முன்னோட்டம் காட்டும். உங்கள் தேதியைப் போடும் முன், விடை தெரிந்த ஒரு தேதியைப் போடுங்கள். நான் எப்போதும் கொடுப்பது: சென்னை, 2020 டிசம்பர் 21, மாலை 18:45.

அன்று வியாழனும் சனியும் வானத்தில் பத்தில் ஒரு டிகிரி இடைவெளியில் ஒட்டி நின்றன. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து பார்த்தால் மேற்குக்குச் சற்றுத் தெற்கே, அடிவானத்திலிருந்து 16 டிகிரி உயரத்தில். அரைநிலா தலைக்கு மேல் சற்றுத் தெற்கே. அதற்குக் கிழக்கே செவ்வாய்.

வியாழனும் சனியும் ஒரே புள்ளியாக வலப்பக்க ஓரத்தில் வந்தால் நேரம், ஊர், திசை மூன்றும் சரி. இடப்பக்கம் வந்தால் படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கிறது. காணவே இல்லை என்றால், ஒன்று நேரத்தைத் தப்பாக எடுக்கிறது, அல்லது அந்த மென்பொருள் கோள்களையே வரைவதில்லை. நிலா முழு வட்டமாக வந்தால் அது வெறும் அலங்கார ஒட்டுப்படம்.

7. கிழக்கு இடப்பக்கம்தான் இருக்க வேண்டும்

தரை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தவறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் திருத்தச் சொல்கிறார்கள். அப்படித் திருத்தி வந்த படத்தையும் பார்த்திருக்கிறேன். தரை வரைபடத்தை மேலிருந்து கீழே பார்க்கிறோம். வான வரைபடத்தைக் கீழிருந்து மேலே பார்க்கிறோம். தாளைத் தலைக்கு மேல் உயர்த்தி, வடக்கை வடக்கோடு பொருத்திப் பிடியுங்கள். கிழக்கு தானாகச் சரியான பக்கம் வந்துவிடும்.

வடக்கு மேலே இருக்கும் குளிர்கால இரவுப் படம் என்றால் ஓரியனின் நடுவில் உள்ள மூன்று நட்சத்திரக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இடப்பக்கம் கீழே சிரியஸ், வலப்பக்கம் மேலே ரோகிணி எனும் ஆல்டெபரன். பக்கம் மாறியிருந்தால் பிம்பம் திரும்பியிருக்கிறது.

8. துருவ நட்சத்திரத்தை அடிக்கோலால் அளவிடுங்கள்

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. சென்னைக்கு 13, கன்னியாகுமரிக்கு 8. 30 செ.மீ. வட்டத்தில் சென்னைக்கான துருவ நட்சத்திரம் வடக்கு ஓரத்திலிருந்து 2 முதல் 3 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உருண்டையான வானத்தைத் தட்டையாக்கும் முறைகளில் வேறுபாடு உண்டு, அதனால்தான் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. சிங்கப்பூர் என்றால் கிட்டத்தட்ட ஓரத்தின் மேலேயே இருக்கும்.

அது வட்டத்துக்குள் எட்டு, ஒன்பது செ.மீ. இறங்கி வந்திருந்தால் லண்டன் போன்ற ஊருக்கான வானத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கான ஒரே வார்ப்பை எல்லாருக்கும் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் கடைகள் இந்த ஒரு அளவிலேயே மாட்டிக்கொள்ளும்.

தெற்கு ஓரத்தையும் பாருங்கள். அகத்தியர் நட்சத்திரம் எனும் கனோபஸ், இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்த ஒளி உள்ளது. சென்னையில் அதிகபட்சம் 24 டிகிரி உயரம் வரும். லண்டனில் உதிப்பதே இல்லை. பிப்ரவரி மாத முன்னிரவுக்கு நம் ஊர்ப் படம் ஒன்றில் தெற்கே அகத்தியர் இல்லை என்றால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

9. நிலாவும் கோள்களும் இல்லாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

நட்சத்திரங்கள் மட்டும் உள்ள படத்துக்கு ஆண்டு கிடையாது. அடுத்த ஆண்டு அதே தேதி, அதே நேரத்தில் வானம் ஒரு டிகிரிகூட மாறியிருக்காது. பூமி அச்சின் தள்ளாட்டத்தால் ஏற்படும் நகர்வுகூட ஒரு டிகிரி ஆக 72 ஆண்டு பிடிக்கும். 1995க்கு வரைந்த படத்தை 2015 என்று எழுதி விற்றாலும் யாராலும் மறுக்க முடியாது. அந்த நாளை அந்த ஆண்டோடு கட்டிப்போடுபவை நிலாவும் ஐந்து கோள்களும்தான். வியாழன் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 டிகிரி நகரும், சனி 12. நிலா ஒரே இரவில் 13.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: டெல்லி, 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 00:00. தலைக்கு மேல் வடக்கே டெனெப், மேற்காக வீகாவும் திருவோண நட்சத்திரமான ஆல்டெய்ரும். தென்மேற்கு ஓரத்தில் அன்டாரஸ் மறையப்போகிறது. கிழக்கு-வடகிழக்கில் கார்த்திகைக் கூட்டம் அப்போதுதான் எழுந்திருக்கிறது. வியாழன் மறைந்துவிட்டது. செவ்வாய், சனி, வெள்ளி, புதன் எதுவும் உதிக்கவில்லை. தேய்பிறை நிலா எழ இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. வெறும் நட்சத்திரங்கள் மட்டுமே இருந்த வானம் அது. அந்தக் கணத்துக்கான படம் 1946க்கும் 1948க்கும் அப்படியே பொருந்தும் நட்சத்திரங்களைத்தான் காட்டும், நேர்மையாக வரைந்தாலும் அப்படித்தான்.

உங்கள் நாளும் இப்படி அமையலாம். அதனால் படத்தில் கோள் இல்லை என்றதும் தவறு என்று முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் படியில் எடுத்த அசலில் இருக்கிறதா என்று பாருங்கள். அசலில் இருந்து படத்தில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். நிலாவின் இடத்தோடு பிறை வடிவத்தையும் ஒப்பிடுங்கள்.

10. ஜாதகத்தைக் கொண்டு ஒரு குறுக்குச் சோதனை

நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. பிறந்த நட்சத்திரம் என்பது அந்த நேரத்தில் நிலா நின்ற இடம். ஜோதிடத்தை நம்புகிறீர்களா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல, அது நிலாவின் இடத்தைப் பற்றிய எழுத்துப் பதிவு.

மகம் என்றால் ரெகுலஸிலிருந்தும், சித்திரை என்றால் ஸ்பைகாவிலிருந்தும் 10 டிகிரிக்குள் நிலா இருக்க வேண்டும். ரோகிணி என்றால் ஆல்டெபரனிலிருந்து 13 டிகிரிக்குள். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி, 30 செ.மீ. படத்தில் 1.7 செ.மீ.

எல்லா நட்சத்திரத்துக்கும் இது பொருந்தாது. சுவாதியின் ஆர்க்டரஸும் திருவோணத்தின் ஆல்டெய்ரும் நிலாவின் பாதையிலிருந்து வெகு வடக்கே, கிட்டத்தட்ட 30 டிகிரி விலகி இருக்கின்றன. அங்கே நிலாவை அருகில் தேடாதீர்கள். நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்திருந்தால் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வித்தியாசம் வரலாம். நிலா அடிவானத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சோதனையைப் படத்தில் செய்ய முடியாது, ஸ்டெல்லேரியத்தில் தரையை மறைத்துச் செய்யலாம்.

இந்தச் சோதனை இரண்டாம் படியின் ஒரு நாள் குழப்பத்தைப் பிடித்துவிடும். ஜாதகம் ரோகிணி என்று சொல்லி, படத்தில் நிலா கார்த்திகைக் கூட்டத்தைக்கூட எட்டாமல் இருந்தால் தேதியை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

11. பகல் முகூர்த்தம் என்றால்

காலை 9 மணி முகூர்த்தத்துக்கும் வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கின்றன, சூரிய ஒளியில் தெரியாது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கே வரையலாம், அன்று இரவு 9 மணிக்கும் வரையலாம். இரண்டும் உண்மை. கடைக்காரர் கேட்காமலே இரவாக மாற்றிவிட்டு, கீழே காலை 9 என்று அச்சிடுவதுதான் பொய். எந்த நேரத்துக்கு வரைந்தார்களோ அதையே எழுதச் சொல்லுங்கள். அதிகாலை 4:30 மணியை ஒட்டிய பிரம்ம முகூர்த்தக் கல்யாணம் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. மண்டப வாசலில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் வானம் அது.

12. அச்சுக்கு அனுப்பும் முன்

நட்சத்திரங்களை ஐந்தாம் ஒளித்தரம் வரை மட்டும் போடச் சொல்லுங்கள். ஆறைத் தாண்டினால் வெறும் கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் சேர்ந்து படம் மாவு தூவியது போலாகி, ஓரியனே தொலைந்துபோகும்.

நட்சத்திரங்களை இணைத்து உருவம் காட்டும் கோடுகள் உங்கள் அசலோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது தவறல்ல. 88 விண்மீன் குழுக்களின் எல்லைகள்தான் உலக அளவில் முடிவானவை. உள்ளே கோடு இழுப்பதற்குப் பொது விதி கிடையாது.

இதய வடிவில் வெட்டும் வடிவமைப்பை நான் பரிந்துரைப்பதில்லை. அடிவானம் வெட்டுப்பட்டால் துருவ நட்சத்திரமும் அகத்தியரும் போய்விடும், படத்தைச் சரிபார்க்க வழியிருக்காது.

படத்தின் கீழே ஊர், தேதி, 24 மணி முறையில் நேரம், நேர மண்டலம் நான்கையும் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். முப்பது ஆண்டு கழித்து அந்தக் குழந்தையே ஒரு மென்பொருளைத் திறந்து சரிபார்க்க இந்த நான்கும் போதும்.